வினாவிலிருந்து தொடங்கட்டும் வைத்தியக் கல்வி

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் வேறு பத்து அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து, 2022 ஜனவரி 12 அன்று பிரதமரால் காணொலி வாயிலாகத் திறந்துவைக்கப்பட்டபோது, பெரிய வைத்தியத்துக்கெல்லாம் நெடுங்காலமாக மதுரையையே நம்பியிருந்த இந்த ஜில்லாவுக்கு, ஆண்டுதோறும் 150 மாணாக்கர் சேர்ந்து பயிலும் ஒரு ஸ்தாபனம் வாய்த்தது. கட்டடம் எழுந்ததும், படுக்கைகள் பெருகியதும், பேராசிரியர்கள் நியமனம் பெற்றதும் சாமானியமான பேறுகள் அல்ல. எனினும் ஒரு கல்லூரி ஓர் ஊரில் இருப்பது ஒரு நிலை. அந்த ஊருக்குரிய கல்லூரியாக ஆவது அதற்கும் மேலான இன்னொரு நிலை. சென்னையில் நடக்கும் பாடத்தையே அதே வரிசையில், அதே சொற்களில் இங்கும் நடத்தி, அதே பரீட்சையை எழுதவைத்து, பட்டம் தந்து அனுப்பிவிடுவதோடு காரியம் முடிந்துவிடுமானால், இந்தக் கல்லூரி விருதுநகரில் நிற்பதனால் விருதுநகருக்கு விளைந்த விசேஷ லாபம் என்ன என்று ஜனங்கள் ஒருநாள் கேட்பார்கள்; கேட்பதில் நியாயமும் இருக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் சோறிடும் இந்தப் பிரதேசத்தில் வைத்தியமும் செவிலியமும் அவற்றைச் சார்ந்த பிற சாஸ்திரங்களும் பயிலும் மாணாக்கர், ஆசிரியர் சொல்லும் விடைகளைக் கேட்டு எழுதிக்கொள்வதைத் தங்கள் படிப்பின் தொடக்கமாகக் கொள்ளாமல், தங்கள் கண்முன் வந்து நிற்கும் மனிதரைப் பற்றி வினா எழுப்புவதைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அந்த வினாக்களுள் முதலாவது, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதாக இருக்க வேண்டும்.

வினாவழிக் கல்வி என்று சொல்லப்படும் இந்த முறை, கேட்பதற்கு எளியது. எட்டுப் பத்து மாணாக்கர் ஓர் ஆசிரியரோடு ஒரு மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒரு நோயாளியின் விருத்தாந்தம் அவர்களுக்குத் தரப்படுகிறது. அதுவும் முழுமையாக அன்று, நோயாளி வாசற்படி ஏறும் தருணத்தில் வைத்தியருக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவு மட்டும். இதில் நமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, தெரியாததை எங்கே போய், யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று அவர்களே பட்டியல் போட்டு, ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டு, நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வார்டுக்கும் சென்று, சில நாட்கள் கழித்து மறுபடி கூடி, ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்த பிறகே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஆசிரியர் விடையை எடுத்துக் கொடுப்பதில்லை. பேச்சு வழிதவறும்போது ஒரு கேள்வியைப் போட்டுத் திருப்பிவிடுகிறார். கனடா தேசத்தில் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலை, 1969ஆம் ஆண்டு தன் முதல் மருத்துவ வகுப்பையே இவ்வழியில் தொடங்கிற்று. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரமும் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரமும் 1970களில் அதைப் பின்பற்றின. பிறகு செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் முதலியோரின் கல்வியிலும் அது பல தேசங்களில் வேரூன்றிவிட்டது.

இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. மருத்துவக் கல்லூரி நகரத்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்று 1975இல் ஸ்ரீவஸ்தவா குழு எடுத்துரைத்தது. அதன் பயனாக 1977இல், கல்லூரிகள் கிராமங்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு மாணாக்கரை அங்கே பயிற்ற வேண்டும் என்ற திட்டம் வந்தது. 1980களின் இறுதியில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், காசி இந்து சர்வகலாசாலையின் மருத்துவ நிலையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மரும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, விசாரணையை ஆதாரமாகக் கொண்ட கல்விச் சீர்திருத்தத்தை ஆராய்ந்தன. அந்த அனுபவங்கள் 1991இல் நூலாகவும் வந்தன. அந்த நான்கில் இரண்டு தமிழ் வழங்கும் நிலத்தில் இருப்பவை என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. 2019 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டமோ, முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திப்பதையும், மாணாக்கர் தாமே முயன்று கற்பதற்கான மணிநேரங்களையும் விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. 2022 முதல் ஒவ்வொரு மாணாக்கரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனித்துவர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. ஆகவே அனுமதிக்குக் குறைவில்லை. அந்த அனுமதியை இந்த மண்ணுக்குத் தக்கபடி பயன்படுத்தும் சங்கற்பமே வேண்டியது.

இந்த மண்ணின் சரித்திரமே கேட்டுக் கற்றவர்களின் சரித்திரந்தான். மழை பொய்த்துப் போன கரிசல் பூமியில் பிழைப்புக்கு வழி தேடிய பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலை அங்கேயே இருந்து, கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்று, சிவகாசிக்குத் திரும்பி 1923இல் தொழிலைத் தொடங்கினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவர்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும் மனப்பாடம் செய்து வந்தவர்கள் அல்லர்.

அவர்கள் திரும்பிவந்த வருஷத்துக்குப் பின்னால் இன்னொரு வரலாறு மறைந்திருக்கிறது. அதை நம் வைத்திய மாணாக்கர் அறிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு, முதலில் பல் வலித்து, பிறகு ஈறு வீங்கிச் சீழ்கட்டி, இறுதியில் தாடையெலும்பே அழுகி உதிரும் கொடிய வியாதி வந்தது. இந்தத் தாடை நோயாளிகள் அனைவரும் ஏன் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்று சில வைத்தியர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஆலைகளுக்குள் நுழைந்தது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால் உலகறியப் பேசப்பட்டது. 1906இல் பெர்ன் நகரத்தில் பல தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையாயிற்று. இந்தியாவில் 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டிகளைத் தடைசெய்யும் சட்டமாகவும் ஆயிற்று. சிவகாசியில் முதல் தீக்குச்சி தயாரானபோது அந்தத் தடைக்குப் பத்து வயது ஆகியிருந்தது. நம் பாட்டிமார் தாடையழுகல் இல்லாமல் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தார்கள் என்றால், எங்கோ முகமறியாத வைத்தியர்கள் சரியான கேள்வியைச் சரியான காலத்தில் கேட்டுவைத்த புண்ணியத்துக்கும் அதில் பங்குண்டு.

அந்தக் கேள்விக்கு ஆதிகுரு ஒருவர் இருக்கிறார். இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700ஆம் ஆண்டு தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், பண்டைய கிரேக்க வைத்தியர் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பாதியளவே கேட்கப்படுகிறது. நோயாளிக் குறிப்பேட்டில் தொழிலுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஆணாக இருந்தால் ‘கூலி’ என்றும், பெண்ணாக இருந்தால் ‘வீட்டு வேலை’ என்றும் ஒரு சொல்லை இட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். சிவகாசி வட்டாரத்தில் கூலி என்ற சொல் எதைச் சொல்கிறது? குழாய் சுருட்டுவதா, திரி பொருத்துவதா, வெடிமருந்து கலப்பதா, அதைச் செலுத்துவதா, சரம் பின்னுவதா, பெட்டிக்குள் அடுக்குவதா? உரிமம் பெற்ற ஆலையிலா, உள்குத்தகைக்கு விட்ட அறையிலா, மரத்தடியிலா, வீட்டுத் திண்ணையிலா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆபத்தையும் வெவ்வேறு வியாதியையும் சுட்டுகின்றன. ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லில் அத்தனையும் புதைந்துபோகின்றன.

வினாவழிப் பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இது பாடத்துக்காக அமைத்த கதைதான். ஆனால் இதன் ஒவ்வோர் அங்கமும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் பலமுறை நிகழ்ந்தது. முற்பகல் 11 மணிக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் உராய்வு ஏற்பட்டுத் தீப்பற்றுகிறது. சுமார் 35 வயதும் 50 கிலோ எடையும் உள்ள பெண் ஒருவர், வெளியே ஒரு நிலையத்தில் முதலுதவி பெற்று, பிற்பகல் 1 மணிக்கு 108 ஆம்புலன்ஸில் வந்து சேர்கிறார். இரு கைகளும், மார்பும் வயிறும், முகமும் வெந்திருக்கின்றன. செயற்கை இழைச் சேலை உருகித் தோலோடு ஒட்டியிருக்கிறது. காயத்தின்மேல் யாரோ பேனா மையைக் கொட்டியிருக்கிறார்கள். குரல் கரகரக்கிறது. தாகம், தாகம் என்கிறார். மாணாக்கரின் கையில் தரப்படுவது இவ்வளவுதான்.

முதல் அமர்விலேயே கேள்விகள் குவிந்துவிடும். உடம்பில் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்று எப்படிக் கணிப்பது? ஒரு கைக்கு 9 சதவீதம், மார்பும் வயிறும் சேர்ந்த முன்புறத்துக்கு 18 சதவீதம், தலையும் முகமும் சேர்ந்து 9 சதவீதம் என்ற ஒன்பதின் விதியை ஒரு மாணாக்கர் தேடி எடுத்துவருவார். இரு கைகளுக்கு 18, முன்புறத்துக்கு 18, முகத்துக்கு நாலரை என்று கூட்டினால் ஏறத்தாழ 40 சதவீதம் ஆகிறது. வெந்தது தோல்தானே, தாகம் ஏன் என்று இன்னொருவர் கேட்பார். நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்தோடுவதை உடலியங்கியல் நூலில் தேடுவார். அப்படியானால் எவ்வளவு திரவம் ஏற்றவேண்டும்? டெல்லஸ் நகரத்து பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் 1960களில் வகுத்த சூத்திரப்படி, 4 மில்லிலிட்டரை எடையாலும் வெந்த சதவீதத்தாலும் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு 8 லிட்டர். அதில் பாதியான 4 லிட்டரை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் கேள்வி கேட்கும் பழக்கம் உயிரைக் காக்கும். அந்த 8 மணி நேரத்தை, நோயாளி வார்டுக்குள் வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. தீப்பற்றிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். 11 மணிக்கு வெந்தவர் 1 மணிக்கு வந்தால், 4 லிட்டருக்கு மிச்சமிருப்பது ஆறே மணி நேரம். முதலுதவி நிலையத்தில் ஏற்கெனவே ஏற்றிய அளவை அதில் கழிக்கவும் வேண்டும். தீ எப்போது பிடித்தது, வழியில் என்ன கொடுத்தீர்கள் என்று கூடவந்தவரிடம் கேட்கத் தோன்றாத வைத்தியர், சூத்திரத்தை நெட்டுருவாக ஒப்பித்தாலும் கணக்கில் தவறிவிடுவார். சில ஆஸ்பத்திரிகள் இதைவிடக் குறைந்த அளவில் தொடங்கி, மணிக்கு மணி சிறுநீரின் அளவைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றன என்று மூன்றாமவர் கண்டுவருவார். ஏன் இந்த வேறுபாடு என்று மேஜையைச் சுற்றி விவாதம் மூளும். குரல் கரகரப்பது மூச்சுக் குழல் வீங்கத் தொடங்கியதன் அடையாளம் என்பதையும், அந்த வீக்கம் வழியை அடைத்துவிடுமுன் குழாய் செலுத்த வேண்டியிருக்கும் என்பதையும், மதுரைக்கு அனுப்புவதானால் பயணத்துக்கு முன்பே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்வார்கள்.

விசாரணை அங்கேயே நின்றுவிடாது. ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் காயத்தின்மேல் விடுவதே சரியான முதலுதவியாக இருக்க, மையும் பற்பசையும் எண்ணெயும் தடவும் வழக்கம் ஏன் மாறவில்லை? பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பின் பாலபாடமாக இருக்க, செயற்கை இழைச் சேலை அறைக்குள் எப்படி வந்தது? அந்த அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்குமேல் ஆட்கள் இருந்தார்களா? ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தார்களா? புண் ஆறிய பிறகு விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது யார்? வார்டில் முதல் நாளிலிருந்தே கையை உரிய கோணத்தில் நிறுத்திவைக்கும் செவிலியரும், வலியோடு வலியாக விரலை மடக்கி நீட்டவைக்கும் இயன்முறை மருத்துவரும் இல்லையேல், உயிர் பிழைத்த அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னவும் சோறு அள்ளவும் கை உதவாது. ஆகையால் இத்தகைய அமர்வுகளில் வைத்திய மாணாக்கரும், செவிலிய மாணாக்கரும், இயன்முறை, மருந்தாளுமை மாணாக்கரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வார்டில் ஒன்றாகப் பணியாற்றப் போகிறவர்கள், வகுப்பில் தனித்தனி உலகங்களாக வளர்வதில் அர்த்தமில்லை.

விபத்து ஒரு பக்கம் என்றால், இரசாயனம் மறுபக்கம். மத்தாப்பின் பச்சை ஒளிக்குப் பேரியம் நைட்ரேட் காரணம். அந்தப் பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்ததைப் பற்றிச் சிவகாசித் தேநீர்க் கடைகளில் பேசாத நாளில்லை. நீரில் கரையும் பேரிய உப்பு தற்செயலாக வயிற்றுக்குள் போய்விட்டால், உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அது அடைத்துவிடுகிறது; இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, கைகால் துவண்டு, இருதயத் துடிப்பின் லயம் கெடுகிறது. ஆனால் அதே பேரியத்தை, சல்பேட் வடிவில், எக்ஸ்ரே படத்துக்காக நாமே நோயாளிக்குக் கோப்பையில் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறோம். ஒரு தீங்கும் இல்லை, அது கரையாத உப்பு. ஒன்று ஏன் விஷம், மற்றொன்று ஏன் விஷமில்லை என்ற ஒரே கேள்வியை முதலாண்டு மாணாக்கர் முன் வைத்தால், கரைதிறனும், உயிரணுச் சவ்வும், தசையின் இயக்கமும், இருதய மின்வரைபடமும், விஷ முறிவும் ஒரே நூலில் கோத்த மணிகளாக அவர் மனத்தில் தங்கிவிடும். கைகால் துவண்டு வந்த ஒருவரைப் பார்த்ததும், பொட்டாசியம் எவ்வளவு என்று சோதிக்கவும், எந்த மருந்தைக் கையாண்டீர்கள் என்று கேட்கவும் அவருக்கு ஆயுள் முழுவதும் மறக்காது.

விபத்தாவது கண்ணுக்குத் தெரிகிறது. மெல்ல வரும் வியாதியோ யாரும் கேட்காதவரை தெரிவதேயில்லை. நுண்ணிய அலுமினியத் தூளை நெடுங்காலம் சுவாசித்தவர்களின் நுரையீரலில் தழும்பேறுவதை, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டாசுக்கு வேண்டிய முக்கியப் பொருள்களுள் அலுமினியத் தூளும் ஒன்று. இங்கே பல வருஷம் அந்தத் தூளோடு பழகிய ஒருவர் இருமிக்கொண்டு வந்தால், காச நோயா, ஆஸ்துமாவா, புகைப் பழக்கமா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது போதுமா? இதற்கான விடையை நூலகத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. தத்தெடுத்த குடும்பங்களின் வாசலுக்குப் போய், ஆண்டுக்கணக்காகப் பார்த்து, மூச்சின் அளவை எடுத்து, எழுதிவைத்து, ஒப்பிட்டுத்தான் காண வேண்டும். குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இந்த ஜில்லாவில் இரத்த அழுத்தமும் எடையும் எடுத்து எழுதும் சடங்காகக் குறுகிவிடாமல், அந்தக் குடும்பத்தின் வேலை வரலாற்றை எழுதும் நீண்ட விசாரணையாக அமையுமானால், ஐந்தாண்டுகளில் இந்தக் கல்லூரியின் கையில் வேறெங்கும் கிடைக்காத ஒரு ஞானக் களஞ்சியம் சேர்ந்துவிடும்.

ஆனால் அந்த வாசலில் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அமெரிக்காவில் 1910 முதல் ஈய விஷத்தைப் பற்றி ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், ஆலை அதிகாரிகள் சொன்னதோடு நின்றுவிடாமல், தொழிலாளரின் வீடுகளுக்கே போய் விசாரித்து உண்மையைத் திரட்டினார்; வேலை போய்விடுமென்று ஆலையில் வாய் திறக்காதவர் வீட்டில் பேசுவார் என்பது அவர் கண்ட அனுபவம். நம் ஊரிலும் அந்த அச்சம் உண்டு. ‘மேலுக்கு முடியலை’, ‘நெஞ்சு கமறுது’, ‘கைகால் ஓஞ்சு வருது’ என்று அந்தப் பெண்கள் சொல்லும்போது, அதில் அடங்கியிருக்கும் நோயைக் கேட்டறியும் செவி மாணாக்கருக்கு வேண்டும். சொன்னவரின் பெயரும் ஆலையின் பெயரும் வெளியே போகாது என்ற உத்தரவாதத்தை அவர் தந்து, அதைக் காக்கவும் வேண்டும். தொழிலாளரை ஆராய்ச்சிக்கு அகப்பட்ட வஸ்துவாகப் பார்க்கும் பார்வை எள்ளளவும் கூடாது. கண்டறிந்ததைப் பட்டாசுத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழில் அவர்களிடமே திருப்பிச் சொல்வது, அந்த விசாரணையின் கடைசிக் கடமை.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றில் சில கனமானவை. அடிப்படை அறியாத இளம் மாணாக்கரை வழிகாட்டாமல் தேடவிட்டால் அவர்கள் திணறுவார்கள், கற்பதும் குறையும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆராய்ச்சியாளர்கள் 2006இல் விரிவாக எழுதினார்கள். அது கவனிக்கத்தக்க எச்சரிக்கை. உடற்கூற்றியலைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று யாரும் மாணாக்கரைக் கைவிடச் சொல்லவில்லை. விரிவுரையும் வேண்டும், நூலும் வேண்டும், நெட்டுருவும் ஓரளவு வேண்டும். தேர்ந்தெடுத்த பிரச்சினையும், அருகிலிருந்து திருத்தும் ஆசிரியரும் இருக்கும்போது, அது திக்குத் தெரியாத தேடலாக ஆகாது.

ஆசிரியர் போதாது என்பது இரண்டாவது ஆட்சேபம். 150 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் 15 குழு. 15 குழுவுக்கு ஒரே நேரத்தில் 15 ஆசிரியர் வேண்டும். புதிய கல்லூரி ஒன்றுக்கு இது சுலபமான காரியமல்ல. எனவே முழுப் பாடத்திட்டத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது விவேகமாகாது. ஒரு பருவத்துக்கு நான்கைந்து பிரச்சினைகள், வாரத்துக்கு ஒரு பிற்பகல் என்று தொடங்கலாம். மேல்வகுப்பு மாணாக்கரையும், பயிற்சி வைத்தியரையும், தீக்காய வார்டில் பல்லாண்டு பணிசெய்த செவிலியரையும் குழு வழிகாட்டிகளாகப் பழக்கலாம். தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு உள்ள சிவகாசி அரசு மருத்துவமனையின் அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவரலாம். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எந்த நூலிலும் இல்லை.

மூன்றாவது தடை பரீட்சை. அதுவே பெரிய தடை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நுழைவுத் தேர்வில் வென்று உள்ளே வந்து, மறுபடி அத்தகைய தேர்வில் வென்றே மேற்படிப்புக்குப் போகவேண்டிய மாணாக்கரிடம், நிதானமாகக் கேள்வி கேட்டுப் பழகு என்று சொன்னால், அவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வினாவங்கிப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார். பரீட்சை கேட்காததை மாணாக்கர் படிப்பதில்லை. இது அவர்களுடைய குற்றமும் அல்ல. ஆகவே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அந்தந்தக் கல்லூரியின் மண்ணுக்குரிய ஒரு நோயாளி விருத்தாந்தத்தைக் கொடுத்து, இதில் நீ கேட்கவேண்டிய கேள்விகள் எவை, ஏன் என்று மதிப்பிடும் ஒரு பகுதியைச் செய்முறைத் தேர்வில் சேர்க்க வேண்டும். விருதுநகருக்குப் பட்டாசு, திருப்பூருக்குச் சாயம், நீலகிரிக்குத் தேயிலைத் தோட்டம், நாகப்பட்டினத்துக்குக் கடல் என்று, அந்த ஒரே நாளில் திறக்கப்பட்ட கல்லூரிகளே தத்தம் வினாக்களோடு காத்திருக்கின்றன.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த பெருவிபத்தில் 40 பேருக்கு அருகில் மாண்டார்கள். அவர்களுள் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர், முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடி 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு முறையும் இரங்கல் வருகிறது, நிவாரணம் வருகிறது, வழக்கு வருகிறது, விசாரணைக் குழு வருகிறது. ஓடிவந்தவர் ஏன் இறந்தார், முதல் வெடிப்புக்கும் இரண்டாம் வெடிப்புக்கும் இடையில் இருந்த நிமிடங்களில் ஊராருக்கு என்ன தெரிந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்ற கேள்வியை ஆண்டுதோறும் விடாமல் கேட்டு, விடையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரந்தரமான ஒரு ஸ்தாபனம் இந்த ஜில்லாவுக்கு இல்லாதிருந்தது. இன்று அது இருக்கிறது. அதில் இளம் மாணாக்கர் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டாசு ஆலை அதிபர்களும் இதை விரோதமாகக் கருத வேண்டியதில்லை. தொழிலாளியின் ஆரோக்கியம் கெட்டால் தொழிலும் கெடும். கல்கத்தாவுக்குப் போய்க் கேட்டுக் கற்று வந்தவர்களின் வழிவந்தோர், கேட்க வரும் மாணாக்கருக்குக் கதவைத் திறந்துவிடுவதே முறை.

கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என் விண்ணப்பம் இது: வரும் கல்வியாண்டிலேயே, ஒரு பருவத்துக்கு நான்கு பிரச்சினைகள் என்ற அளவிலாவது, இந்த ஜில்லாவின் வேலைகளிலிருந்தே எடுத்த விருத்தாந்தங்களைக் கொண்டு வினாவழிப் பாடத்தைத் தொடங்குங்கள், குறிப்பேட்டில் தொழில் என்ற கட்டத்தை நான்கு வரிகளாக நீட்டி, அதை நிரப்பாத குறிப்பேட்டை ஏற்காதீர்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வைத்தியர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நீங்கள் செய்யும் வேலை இன்னது, இத்தனை வருஷமாகச் செய்கிறேன், வேலையில் இன்ன இரசாயனத்தைக் கையாளுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் எதிரில் வெள்ளை அங்கியோடு நிற்கும் இளைஞருக்கு அன்றைய தினத்தின் முக்கியமான பாடம் அதுவாகத்தான் இருக்கும்.